பில் போட்டாச்சு, பணம் வரல: 45 நாள் சட்டத்தை நாமே பயன்படுத்துவது எப்படி?

கோவைப் பக்கம் லேத் பட்டறை, சின்ன சி.என்.சி. யூனிட் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஆர்டரைப் பற்றிய புலம்பலைவிட பேமெண்ட்டைப் பற்றிய புலம்பல்தான் அதிகம். "அடுத்த வாரம் போட்டுடறோம்ங்க" என்று பார்ட்டி, அதாவது சரக்கு வாங்கியவர், சொல்வார். எந்த வாரம் என்று சொல்ல மாட்டார். எங்கள் பட்டறைக்கும் ஒரு பம்ப் கம்பெனியிடம் பெரிய பாக்கி நின்றது. வக்கீல் வைக்காமல், சண்டை போடாமல் வாங்கினோம். எப்படி என்று கேட்ட நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

உங்களிடம் பான், ஜிஎஸ்டி, கரண்ட் அக்கவுண்ட் இருக்கிறது, பில் போடத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கெல்லாம் இங்கே விளக்கம் கிடையாது.

முதலில் சட்டம், நாலு வரியில்

2006இல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் இது. குறு அல்லது சிறு தொழிலிடம் சரக்கோ சேவையோ வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தராவிட்டால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பி.ஓ.வில் (வாங்குபவர் எழுத்தில் தரும் ஆர்டரில்) "90 நாள் கிரெடிட்" என்று அச்சடித்திருந்தாலும் அந்த 45 செல்லும், 90 செல்லாது. நடுத்தரத் தொழிலுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் வரம்பு உயர்ந்துவிட்டது: இயந்திர முதலீடு 2.5 கோடி, விற்பனை 10 கோடி வரை குறு. 25 கோடி, 100 கோடி வரை சிறு. நம்மில் முக்கால்வாசிப் பேர் குறுவில்தான் வருவோம்.

படி 1: உத்யம் பதிவு

நம்முடையது குறு அல்லது சிறு தொழில் என்று மத்திய அரசுத் தளத்தில் பதிந்துகொள்வதுதான் உத்யம். இது சுலபம். ஆதார், பான் இருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரம். கட்டணம் ஒரு பைசா கிடையாது. கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பரத் தளங்கள் சில அரசு முத்திரை மாதிரியே ஒன்றைப் போட்டுக்கொண்டு காசு கேட்கும். முகவரி gov.in என்று முடிகிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடத்தில் நிதானம் வேண்டும். தொழில் வகையைக் கேட்கும்போது உற்பத்தியா, சேவையா, வணிகமா என்று வரும். ஜாப் ஒர்க் (பிறர் பொருளில் கூலிக்கு வேலை) செய்பவர் அவசரத்தில் வணிகம் என்று தட்டிவிட்டால் பின்னால் வம்பு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

படி 2: சரக்கு போன தேதிக்குச் சாட்சி

எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. எங்களுக்கு அதிக நேரம் பிடித்ததும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாள் கணக்கு பில் தேதியிலிருந்து ஓடுவதில்லை. சரக்கை வாங்கியவர் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் ஓடும். ஏற்றுக்கொண்ட நாள் என்றால் டெலிவரி ஆன நாள். சரக்கில் குறை இருக்கிறது என்று 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருந்தால் மட்டும், அந்தக் குறையை நாம் சரிசெய்து கொடுத்த நாள். 15 நாளுக்குள் எழுத்தில் எதுவும் வரவில்லையா? டெலிவரி நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. போனில் "பீஸ் சரியில்லை" என்று கத்தியது கணக்கில் வராது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. 45 நாள் என்பது உச்ச வரம்பு. எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால் கெடு வெறும் 15 நாள்தான். ஜூன் 3ஆம் தேதி டெலிவரி, பி.ஓ. கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு என்றால் ஜூன் 19 முதல் வட்டி ஓடும். அதே சரக்குக்கு 90 நாள் என்று பி.ஓ. இருந்தால் கெடு ஜூலை 18, வட்டி ஜூலை 19 முதல். எழுத்தில் இல்லாததால் நமக்கு உரிமை இல்லை என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

எழுத்துச் சாட்சிக்கு நாங்கள் திரட்டியவை: கேட்டில் சீல் போட்டு, தேதி எழுதி, கையெழுத்து வாங்கிய டி.சி.யின் (சரக்கோடு போகும் டெலிவரி சலானின்) நகல், இ-வே பில் (தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு ஒரு லட்சத்துக்கு மேல்தான் இது கட்டாயம், அதனால் சின்ன பில்களுக்கு இருக்காது), அவர்கள் ஸ்டோர்ஸ் அனுப்பிய ஜி.ஆர்.என். (சரக்கு பெற்றுக்கொண்ட குறிப்பு) மெயில். சில பில்களுக்கு டி.சி.யில் சீல் இருந்தது, தேதி இல்லை. டெம்போ டிரைவர் தம்பி வாங்கி வந்தது அப்படி. அதைச் சரிக்கட்ட ஒரு வழி: அக்கவுண்ட்ஸுக்கு மெயிலில் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கேட்பது. பில் எண், தேதி, சரக்கு சேர்ந்த நாள், பாக்கி என்று ஒரு பட்டியல் அனுப்பி, "உங்கள் லெட்ஜரோடு ஒப்பிட்டு உறுதி செய்யவும்" என்று ஒரு வரி. வருஷக் கடைசியில் அவர்களுக்கும் இது தேவைப்படுவதால் பெரும்பாலும் சந்தேகப்படாமல் பதில் போடுவார்கள். அந்தப் பதில் மெயில் தங்கம்.

வாட்ஸ்அப்பில் "ரிசீவ்ட்" என்று வந்திருந்தால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. இனிமேல் போகும் சரக்குக்கு டி.சி.யிலேயே "பெற்ற தேதி" என்று ஒரு கட்டம் அச்சடித்துவிடுங்கள். பில் புக்கிலும் லெட்டர் ஹெட்டிலும் உத்யம் எண் இருக்கட்டும்.

படி 3: வட்டிக் கணக்கு

பேங்க் ரேட் வேறு, ரெப்போ ரேட் வேறு. டிவியில் சொல்வது ரெப்போ. நமக்கு வேண்டியது பேங்க் ரேட்; ரிசர்வ் வங்கித் தளத்தின் முகப்பிலேயே இருக்கும். 2025இல் மட்டும் அது நான்கு தடவை இறங்கியது: வருஷ ஆரம்பத்தில் 6.75, டிசம்பரில் 5.50. அதனால் நெட்டில் கிடைக்கும் ரெடிமேட் வட்டிக் கால்குலேட்டர்கள் எனக்குப் பிடிக்காது, எந்தத் தேதிக்கு எந்த ரேட் எடுத்தது என்றே காட்டாது. கூகுள் ஷீட்டில் மாதத்துக்கு ஒரு வரி போட்டு, பக்கத்தில் அந்த மாத பேங்க் ரேட்டை எழுதுங்கள். யார் கேட்டாலும் காட்டலாம்.

உதாரணம்: பாக்கி 2 லட்சம், பேங்க் ரேட் 5.50. மூன்று மடங்கு 16.5 சதவீதம், மாதத்துக்கு 1.375. ஆறு மாதத்தில் கூட்டு வட்டி 17,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். டேலி கணக்கு மென்பொருளில் பில் வாரியாக ஏஜிங் (எந்தப் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்துக்கொண்டால் இந்த வேலை பாதியாகக் குறையும். மொத்த பாக்கிக்கு மொத்தமாக வட்டி போட்டுக் கொண்டு போகாதீர்கள், பில் பில்லாகத்தான் போக வேண்டும்.

படி 4: கடிதம்

பலர் நேராகக் கேஸ் போடப் போகிறார்கள். என்னைக் கேட்டால் கடிதம்தான் முக்கிய ஆயுதம், கேஸ் கடைசி. கடிதத்தை முதலாளிக்கு மட்டும் அனுப்பினால் மேஜையில் கிடக்கும். அக்கவுண்ட்ஸ் தலைமைக்கும் நகல் போக வேண்டும், ஏனென்றால் கீழே சொல்லும் விஷயங்கள் முதலாளியைவிட அவரைத்தான் தூங்கவிடாது.

ஒன்று, வருமான வரி. 43பி(எச்) என்ற பிரிவு 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு தொழிலுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. எந்த வருஷம் பணம் கொடுக்கிறார்களோ அந்த வருஷம்தான் கழிக்கலாம். ரிட்டர்ன் போடுவதற்குள் கட்டிவிட்டால் போதும் என்ற சலுகையும் இதில் இல்லை. அதாவது நமக்குத் தராத 10 லட்சம் அவர்களுக்கு லாபமாகக் கணக்காகி அதற்கு வரி விழும்.

இரண்டு, பார்ட்டி ஒரு கம்பெனி என்றால், 45 நாள் தாண்டிய பாக்கியை அரையாண்டுக்கு ஒரு முறை எம்.எஸ்.எம்.இ.-1 என்ற படிவத்தில் அரசுக்குச் சொல்ல வேண்டும். மூன்று, ஜிஎஸ்டி: 180 நாளுக்குள் நமக்குப் பணம் தராவிட்டால் நம் பில்லின் ஜிஎஸ்டிக்கு அவர்கள் எடுத்த இன்புட் கிரெடிட்டை (வரிக் கழிவை) வட்டியோடு திருப்ப வேண்டும். நான்கு, நமக்குத் தரும் தாமத வட்டியையும் அவர்கள் செலவாகக் காட்ட முடியாது.

இவற்றை மிரட்டல் தொனி இல்லாமல், நாலே வரியில் எழுதுங்கள். உடன் உத்யம் சான்றிதழ், பில் பட்டியல், வட்டி ஷீட். வார்த்தை இப்படி இருக்கலாம்:

"இணைப்பில் உள்ள பில்களுக்கான கெடு முடிந்துவிட்டது. நாங்கள் உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில். இந்தக் கடிதம் கிடைத்த 10 நாளுக்குள் அசலைத் தந்து கணக்கை முடிக்கக் கேட்டுக்கொள்கிறோம். தவறினால் சட்டப்படியான வட்டியுடன் குறு, சிறு தொழில் வசதியாக்கக் கவுன்சிலில் மனு செய்வோம்."

அசலை மட்டும் கேட்பது தந்திரம். வட்டியை எழுதிக் காட்டுகிறோம், விட்டுத்தர இடம் வைக்கிறோம். அடுத்த ஆர்டரும் அவர்களிடம்தானே வர வேண்டும்?

நேரமும் முக்கியம். பிப்ரவரி நல்ல மாதம். மார்ச் 31க்கு முன்னால் கணக்கை ஒழுங்குபடுத்த ஆடிட்டர் நெருக்கிக்கொண்டிருப்பார். எங்கள் பாக்கி நகர்ந்தது அப்போதுதான். மெயிலோடு ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். ரிஜிஸ்டர்ட் போஸ்ட் என்று தனியாகக் கேட்க வேண்டாம், 2025இல் அது ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. டெலிவரி ஆனதற்கான ஆதாரத்தை டவுன்லோடு செய்து வையுங்கள்.

படி 5: மனு

கடிதத்துக்கும் அசையாவிட்டால் சமாதான், அதாவது இந்த மாதிரி தாமதப் பாக்கிக்கு மனு போடும் மத்திய அரசுத் தளம். 2017இல் தொடங்கியது. 2025 ஜூனில் மத்திய அரசு ஆன்லைன் தகராறுத் தீர்வுத் தளம் ஒன்றையும் தொடங்கியிருக்கிறது, புது மனு போடப் போகும்போது உங்களை அங்கே திருப்பிவிட்டால் குழம்ப வேண்டாம். உத்யம் எண், ஓடிபி, பார்ட்டி விவரம், பி.ஓ., பில் நகல்கள். படி 2இல் சேர்த்த கோப்பு இங்கேதான் பயன்படும்.

மனுவை விசாரிப்பது நம் ஊர் இருக்கும் மண்டலத்தின் வசதியாக்கக் கவுன்சில். பார்ட்டி புனேயில் இருந்தாலும் கேஸ் இங்கேதான் நடக்கும், இது பெரிய வசதி. முதலில் சமரசம், ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் இழுக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்து, அதை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். அந்த 75ஐக் கேட்டதும் பேச்சுவார்த்தைக்கு வருபவர்கள் உண்டு.

பழைய பாக்கியை மூன்று வருஷம் தாண்ட விடாதீர்கள்.

பின்சேர்க்கை

இதை எழுதிப் போட்ட பிறகு வந்த சில கேள்விகள்.

ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்டார், தனக்கும் பொருந்துமா என்று. மொத்த, சில்லறை வணிகர்கள் 2021 ஜூலை முதல் உத்யம் பதிவு எடுக்கலாம். ஆனால் அது வங்கிக் கடனில் முன்னுரிமைக்கு மட்டும். இந்தத் தாமத வட்டிப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. படி 1இல் வணிகம் என்று தட்ட வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

சரக்கு கொடுத்த பிறகு உத்யம் எடுத்தால்? 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவுக்குப் பிந்தைய சப்ளைக்குத்தான் பலன் என்றது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் அதே கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. அதை நம்பி உட்கார வேண்டாம், இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள்.

"கடிதத்தில் 43பி(எச்) எழுதினேன், பார்ட்டி சிரித்தார்" என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். விசாரித்தால் அவர் விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று அனுமான முறையில் வரி கட்டும் சின்னக் கடைக்காரர். அவர்களை அந்தப் பிரிவு தொடாது. அங்கே வட்டிக் கணக்கையும் கவுன்சில் மனுவையும் மட்டும் எழுதுங்கள், மற்ற வாசகங்களை எடுத்துவிடுங்கள்.