டர்போ காருக்குத் திறன் கூட்டுவதற்கு முன் செலவுக் கணக்கு எழுதும் முறை

எஞ்சினின் மென்பொருளை மாற்றி எழுதித் திறன் கூட்டும் 'ரீமேப்' செய்த மூன்றாம் வாரம் என் கார் பட்டறையில் ஏறி நின்றது. நான் பஸ்ஸில் ஏறி நின்றேன். எஞ்சினில் ஒரு பழுதும் இல்லை. கூடிய முறுக்குவிசையைத் தாங்காமல் கிளட்ச் வழுக்கியது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்', ரீமேப்புக்குக் கொடுத்த பணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விழுங்கியது. என் கணக்கு நோட்டில் 'ரீமேப்' என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. அந்த நோட்டை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

என்னுடையது 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவிதான் டர்போ), மேனுவல் கியர், 85,000 கிலோமீட்டர் ஓடியது. தினமும் வேலைக்குப் போக வீட்டில் இருக்கும் ஒரே வண்டி. விளையாட்டுக்கென்று இரண்டாவது கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் வண்டி ஒரு மாதம் நின்றாலும் அடுப்பு எரியும்.

படி 1: மொத்தத் தொகையை எழுதி, அதில் கால் பங்கை மறந்துவிடுங்கள்

உங்களால் ஒதுக்க முடிந்த பணத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 25 பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். அதற்கு எந்தப் பாகத்தின் பெயரையும் எழுதக் கூடாது. பெயர் எழுதினால் அது செலவாகிவிடும். மீதி 75 பங்குதான் உங்கள் பணம். கடன் வாங்கித் திறன் கூட்டுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. வேண்டாம் என்பதைத் தவிர.

படி 2: ஐந்து கட்டம் உள்ள அட்டவணை

என் காலை வாரிவிட்ட இடம் இதுதான், ஆகவே மெதுவாகப் போகிறேன்.

வாங்க நினைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பாகத்தின் விலை, கூலி என்ற முதல் இரண்டு கட்டங்களை எல்லோரும் எழுதுவோம். மூன்றாவது கட்டத்தின் தலைப்பு: 'இதை மாற்றினால் அடுத்து எது தாங்காது?' நான்காவது: 'இதனால் மாதாமாதம் என்ன கூடும்?' ஐந்தாவது: 'வண்டி எத்தனை நாள் நிற்கும்?' மூன்றாவது கட்டத்தில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் கீழே தனி வரியாக இறங்க வேண்டும். அந்த வரிக்கும் ஐந்து கட்டங்களையும் நிரப்ப வேண்டும். வரிகள் இறங்குவது எப்போது நிற்கிறதோ அப்போதுதான் உண்மையான செலவு தெரியும்.

ரீமேப்பையே எடுத்துக்கொள்வோம். டர்போ இல்லாத எஞ்சினில் மென்பொருளை மாற்றிப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. டர்போவில் கதை வேறு. எவ்வளவு காற்றழுத்தம் ஏற வேண்டும் என்பதையே எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூ தீர்மானிப்பதால், ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் முறுக்குவிசை ஏறிவிடும். அதுவும் குறைந்த சுழற்சியிலேயே ஏறும். கிளட்சுக்கு எமன் அதுதான். கிளட்ச் பார்ப்பது குதிரைத்திறனை அல்ல, முறுக்குவிசையை. தொழிற்சாலை கொடுத்த கிளட்ச் புதிதாக இருக்கும்போது கொஞ்சம் கூடுதல் பாரம் தாங்கும். பாதி தேய்ந்தது தாங்காது.

ஆகவே 'ரீமேப்' வரியின் மூன்றாவது கட்டத்தில் 'கிளட்ச்' என்று வர வேண்டும். இப்போது கிளட்ச் வரிக்கு வாருங்கள். தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றும் சேர்ந்தே வரும். என் காரில் இருந்தது இரட்டை நிறை ஃப்ளைவீல் (கிளட்ச் தட்டு அழுந்தும் கனமான சக்கரம், நடுவில் ஸ்பிரிங் வைத்த இரண்டு துண்டாக). அதைக் கடைசலுக்குக் கொடுத்து மட்டமாக்கிப் பயன்படுத்த முடியாது. ஆட்டம் கண்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதன் விலையைக் கேட்டபோது மெக்கானிக்கை ஒருமுறை திரும்பச் சொல்லச் சொன்னேன். கியர்பாக்ஸை இறக்கினால்தான் இவை கைக்கு எட்டும் என்பதால் கூலியும் பெரிது. ஆனால் கியர்பாக்ஸ் கீழே இருக்கும் அந்த நேரத்தில், எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். சீலின் விலை அற்பம். பிறகு அது கசிந்தால் முழுக் கூலியையும் இன்னொரு முறை அழ வேண்டும்.

ரீமேப்புக்கு முன்பே கிளட்சைச் சோதித்துப் பார்த்துவிடலாம். ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில், நான்காவது அல்லது ஐந்தாவது கியரில், நிமிடத்துக்கு 2,000 சுழற்சிக்குச் சற்று மேலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். வேகமும் சுழற்சியும் சேர்ந்தே ஏறினால் நல்லது. சுழற்சிமானி முள் மட்டும் துள்ளி, வேகம் பின்தங்கினால் கிளட்ச் இப்போதே வழுக்குகிறது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். எனக்கு அப்போது அது தெரியாது.

நான்காவது கட்டத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கென எழுதப்பட்ட ரீமேப் என்றால் இனி ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் செலவு கூடும். ஆயில் மாற்றும் இடைவெளியை நான் பாதியாக்கினேன். காப்பீட்டு நிறுவனத்திடம் மாற்றத்தைச் சொன்னால் பிரீமியம் ஏறக்கூடும். சொல்லாமல் விட்டால் விபத்து நாளில் கையை விரிக்கக்கூடும். வாரண்டி இருக்கும் கார் என்றால், ஈசியூவில் எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்பதைப் பல தயாரிப்பாளர்களால் படிக்க முடியும். 'பழையதைத் திரும்பப் போட்டுவிட்டால் தெரியாது' என்பதை நம்பி இறங்காதீர்கள்.

மாதாமாதச் செலவு என்ற இந்தக் கட்டத்துக்கு வயது அதிகம். 1962இல் வந்த ஆல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்களில் ஒன்று. பெட்ரோல் கலவை கட்டுமீறி வெடித்து எஞ்சின் தட்டாமலிருக்க வாலைவடிநீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் நிரப்ப வேண்டும். தொட்டி காலியானால் பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் காற்றழுத்தம், குறைக்கப்பட்டுவிடும். வாங்கியவர்களில் பலர் நிரப்பவே இல்லை. கடைசியில் தயாரிப்பாளரே டர்போவைக் கழற்றிவிட்டு சாதாரண கார்பரேட்டர் மாட்டிக் கொடுக்கும் நிலை வந்தது.

படி 3: இருக்கும் திறனை முதலில் மீட்டெடுங்கள்

75 பங்கில் 25 பங்கு இதற்கு. புதிய பாகம் வாங்குவதற்கு முன், தொழிற்சாலை கொடுத்த திறன் முழுவதும் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய்களில் விரிசல் விழும், கிளாம்ப் தளரும். அழுத்திய காற்று அதன் வழியே கசிந்தால், இலக்கை எட்ட டர்போ தேவைக்கு மேல் சுழன்று சூடாகும். புகைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். விரிசல் எங்கே என்பதைப் புகையே காட்டிக்கொடுக்கும். சோப்பு நீர் தெளித்தும் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். எனக்குப் பொறுமை இல்லை.

ஸ்பார்க் பிளக் இந்தப் பட்டியலில் மிக மலிவானது, மிகவும் மறக்கப்படுவதும் அதுதான். பூஸ்ட் கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பொறி தாண்ட அதிக மின்னழுத்தம் தேவைப்படும். இடைவெளியைச் சற்றுக் குறைத்தால் முழு பாரத்தில் வரும் தடுமாற்றம் பெரும்பாலும் போய்விடும். இரிடியம் பிளக்கில் நடுமுனையைத் தொடாதீர்கள், உடையும். பக்கமுனையை மட்டும் வளையுங்கள். இடைவெளி அளக்கும் நாணய வடிவ அளவுகோலைத் தூக்கிப் போடுங்கள். கம்பி வகை வாங்குங்கள்.

ஆயில், நேரடி எரிபொருள் உட்செலுத்தல் உள்ள எஞ்சின் என்றால் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 'ஏபிஐ எஸ்பி' தரத்தில் இருக்கட்டும். 2020இல் வந்த அந்தத் தரத்தில், குறைந்த சுழற்சியில் பெட்ரோல் தானாக முன்கூட்டியே பற்றிக்கொள்வதைத் தடுப்பதற்கான சோதனையும் உண்டு. அதைவிட மலிவான மருந்து: மேட்டில் உயர் கியரில் மிதிக்காமல் ஒரு கியர் இறக்குவது.

படி 4: நிறுத்துவதற்கும் பிடிப்பதற்கும் 20 பங்கு

டயர் நல்லதாக வாங்குங்கள். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும்; டாட் 4 திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பின் 155 வரை இறங்கலாம் என்பதுதான் தரநிலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெரிய சிவப்பு காலிப்பர் வேண்டாம், நல்ல பேட் போதும்.

படி 5: இப்போது ரீமேப்

மீதி 30 பங்கு. கிளட்ச் சோதனையில் தேறியிருந்தால் மட்டும். தேறாவிட்டால் இந்த 30 பங்கும் கிளட்சுக்கு. ரீமேப் அடுத்த வருடம். கசப்பாக இருக்கும். வேறு வழியில்லை.

செய்பவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். செய்வதற்கு முன்னும் பின்னும் பதிவெடுத்துக் காட்டுவாரா? குறைந்த சுழற்சியில் முறுக்குவிசைக்கு உச்சவரம்பு வைத்துத் தருவாரா? இரண்டாவது கேள்விக்கு 'அதெல்லாம் எதற்கு' என்று சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள். கிளட்ச் மாற்றிய பிறகு என் காருக்கு வரம்பு வைத்துத்தான் மறுபடி எழுதினார்கள். வித்தியாசம் மேல் சுழற்சியில் அப்படியே இருக்கிறது. கீழே மட்டும் முகத்தில் அறைவதில்லை. தினமும் ஓட்ட இதுதான் சுகம்.

புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத, டர்போவிலிருந்து புகையை வெளியேற்றும் டௌன்பைப்பைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. பல நாடுகளில் சட்டத்துக்குப் புறம்பு, வண்டிப் புகையின் மாசு அளக்கும் சோதனையிலும் தேறாது.

படி 6: அளந்து பார்த்துவிட்டு அடுத்ததை வாங்குங்கள்

மானி வாங்கி டாஷ்போர்டில் ஒட்டாதீர்கள். காரின் கணினியோடு பேசும் ஓபிடி துளையில் செருகும் கருவி ஒன்றும் போனில் ஒரு செயலியும் போதும். கோரிய பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், உள்ளே போகும் காற்றின் வெப்பம், பற்றவைப்பு நேரம் எவ்வளவு பின்னுக்குத் தள்ளப்படுகிறது: இந்த நான்கையும் பதிவு செய்யுங்கள். சில வண்டிகளில் இவற்றைப் படிக்க அந்தத் தயாரிப்புக்கென்றே உள்ள செயலி தேவைப்படும். முழு பாரத்தில் இரண்டு மூன்று முறை ஓட்டிய பின் காற்றின் வெப்பம் ஏறிக்கொண்டே போய், அதோடு பற்றவைப்பும் பின்னுக்குப் போனால் பெரிய இன்டர்கூலர் பயன் தரும். இல்லையென்றால் அது அழகுப் பொருள்.

பின்சேர்க்கை 1: ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் 'எங்களுக்குக் கிளட்ச் கவலை இல்லையே' என்று எழுதியிருந்தார்கள். இருக்கிறது. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்கும் முறுக்குவிசை வரம்பு உண்டு. எண்ணெயில் மூழ்காத உலர் வகைக்கு பெரும்பாலும் அது குறைவு. கியர்பாக்ஸ் மென்பொருளும் தனியாக மாற்ற வேண்டி வரலாம். மூன்றாவது கட்டத்தில் 'கிளட்ச்' என்பதை அடித்துவிட்டு 'கியர்பாக்ஸ்' என்று எழுதுங்கள். விலையைப் பார்க்கும்முன் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: வெப்பத்தை வேகமாக வெளியேற்றும் குளிர்ந்த வகை பிளக் வாங்கிய ஒருவருக்கு நேர்மாறாகச் சூடான வகை கிடைத்திருக்கிறது. என்ஜிகே, டென்ஸோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்தது. பாஷில் எண் குறைந்தால்தான் குளிர்ந்தது. ஒரே தயாரிப்பில் நிற்பது நல்லது.

பின்சேர்க்கை 3: 'என் வண்டியில் பூஸ்ட் 2 பார் காட்டுகிறது, எஞ்சின் வெடிக்குமா?' என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. நானும் முதல் நாள் இப்படித்தான் பயந்து சாலையோரம் நிறுத்தினேன். படி 6இல் சொன்ன செயலி பெரும்பாலும் காட்டுவது வளிமண்டலத்தையும் சேர்த்த முழு அழுத்தம். கடல் மட்டத்தில் அதில் ஏறத்தாழ 1 பார் நம்மைச் சுற்றியிருக்கும் காற்றுடையது. சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் பாருங்கள். அப்போதே 1 பார் அளவில் காட்டினால் அந்த எண்ணைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.