மால்ட்டா போகிறீர்களா? விமான டிக்கெட்டை அப்புறம் போடுங்கள்

ஊரிலிருந்து யார் மால்ட்டாவுக்கு வருவதாக இருந்தாலும், அவர்களுடைய பயணத் திட்டம் எப்படியாவது என் வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்துவிடும். இங்கேயே இருப்பவன், நாலு இடம் தெரிந்தவன் என்ற நம்பிக்கை. ஆனால் ஆள்தான் மாறுகிறார்களே தவிர தவறுகள் மாறுவதே இல்லை. தொப்பி, சன்ஸ்கிரீன், பாஸ்போர்ட் நகல் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை உங்கள் வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள்.

லண்டன் விசாவை நம்புவது

மத்தியதரைக் கடலில் இருக்கும் குட்டித் தீவு நாடான மால்ட்டா 1964 வரை பிரிட்டிஷ்காரர்கள் கையில் இருந்தது. இன்றும் ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று, வண்டிகள் நம்மூர் மாதிரி இடப்பக்கம்தான் ஓடும், சுவரில் இருக்கும் பிளக்குகூட லண்டன் பிளக். இதையெல்லாம் பார்த்துவிட்டு, பிரிட்டன் விசாவிலேயே எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். முடியாது. 2007 டிசம்பரிலிருந்து மால்ட்டா, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொது விசா உள்ள ஷெங்கன் எல்லைக்குள் இருக்கிறது. லண்டனில் இருக்கும் சித்தி வீட்டிலிருந்து கிளம்பி வந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டில் தனி ஷெங்கன் விசா வேண்டும். அதுவும் ஒற்றை நுழைவு விசாவாக இருந்தால், நடுவில் லண்டனுக்கோ துனீசியாவுக்கோ போய்விட்டு மறுபடி உள்ளே வர முடியாது. சிசிலிக்குப் போய் வரலாம், அது இத்தாலி.

ஹைப்போஜியத்தைக் கடைசியில் யோசிப்பது

இதைப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைநகர் வல்லெட்டாவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி பாவ்லா என்ற ஊர். 1902-இல் அங்கே புதிதாக வீடு கட்டுவதற்காகத் தண்ணீர்த் தொட்டி தோண்டிக்கொண்டிருந்தவர்கள், பாறையைப் பொத்துக்கொண்டு ஒரு பாதாளத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அதுதான் ஹல் சஃப்லியேனி ஹைப்போஜியம். மூன்று அடுக்கு. கி.மு. 4000 வாக்கில் தொடங்கி கி.மு. 2500 வரை தலைமுறை தலைமுறையாகக் குடைந்திருக்கிறார்கள். உலோகமே தெரியாத காலம். மான்கொம்பும் சிக்கிமுக்கிக் கல்லும்தான் கருவி. சுமார் 7000 பேரின் எலும்புகள் இங்கே இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நடு அடுக்கில் ஓர் அறை இருக்கிறது. வாசல் நிலை, இரண்டு பக்கமும் தூண், மேலே விட்டம், அதற்கும் மேலே வரிசை வரிசையாக உள்நோக்கிச் சுருங்கிவரும் கூரை. கற்களை அடுக்கிக் கட்டியது மாதிரியே இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் ஓர் இணைப்புகூடக் கிடையாது, எல்லாம் ஒரே பாறை. தரைக்கு மேலே அதே மக்கள் கட்டிய கோயில்களின் கூரைகள் எல்லாம் எப்போதோ விழுந்துவிட்டன. அவை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி பூமிக்கடியில் இருக்கும் இந்த நகல்தான். இன்னோர் அறையின் கூரையில் செங்காவியால் சுருள் சுருளாகப் போட்ட கோலம் இன்னும் அழியாமல் இருக்கிறது.

அழியாமல் இருப்பதற்குக் காரணம், நம்மை உள்ளே விடாததுதான். மனித மூச்சில் வரும் ஈரமும் கரியமில வாயுவும் அந்தக் காவியைக் கெடுக்கும். விளக்கு வெளிச்சம் பட்டால் பாறையில் பாசி பிடிக்கும். அதனால் 1991-இல் மூடி, காற்றையும் ஈரத்தையும் கட்டுப்படுத்த ஏற்பாடு செய்து, 2000-இல் மறுபடி திறந்தார்கள். அப்போதிலிருந்து ஒரு சுற்றுக்குப் பத்துப் பேர், நாள் முழுக்கச் சேர்த்தாலும் 80 பேர் என்று வைத்திருக்கிறார்கள். உலகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 80 இடம்! கோடைக்கால டிக்கெட்டுகள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் முன்னாடியே தீர்ந்துவிடும்.

நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் விமான டிக்கெட், அப்புறம் ஹோட்டல், அப்புறம் கார், அப்புறம் டிஷர்ட். இங்கே வந்து இறங்கிய மறுநாள் காலை, "அண்ணா, அந்தப் பாதாளக் கோயிலுக்கு எங்கே டிக்கெட் எடுக்கணும்?"

கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அவருக்காகத்தான் பயணமே. டிராவல் ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டத்தில் "ஹைப்போஜியம் – போட்டோ ஸ்டாப், 15 நிமிடம்" என்று இருந்தது. போட்டோ ஸ்டாப்! வெளியே நின்று பார்த்தால் அது ஒரு சாதாரணத் தெருவில் இருக்கும் சாதாரணக் கட்டட முகப்பு. உள்ளேயோ போட்டோ எடுக்கவே விடமாட்டார்கள். எதைப் போட்டோ எடுப்பது? அந்த ஏஜென்ட் இந்தத் தீவின் பக்கமே வந்ததில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. ஐயா கதவுக்கு முன்னால் நின்று அறிவிப்புப் பலகையை முழுக்கப் படித்தார். "உள்ளே யாராவது போறாங்களா தம்பி?" என்றார். போனார்கள், பத்துப் பேர். அதில் ஒரு பையன் ஃபோனை லாக்கரில் வைக்க மனசே இல்லாமல் முனகிக்கொண்டு போனான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இந்த இடங்களைப் பராமரிக்கும் அரசு அமைப்பான ஹெரிட்டேஜ் மால்ட்டாவின் இணையதளத்தில் ஹைப்போஜியம் எந்தத் தேதிகளில் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்குத் தோதான தேதியைப் பிடித்துவிட்டு, அதைச் சுற்றி விமானத்தையும் விடுதியையும் போடுங்கள். "விசா வருவதற்கு முன்னாடி டிக்கெட்டா?" என்று கேட்பீர்கள். விசா கிடைக்காவிட்டால் போவது அந்த டிக்கெட் காசு. விசா கிடைத்து டிக்கெட் கிடைக்காவிட்டால் போவது பயணத்தின் பாதி.

கூடவே இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். அழுதாலும் கெஞ்சினாலும் விடமாட்டார்கள். சுற்று தொடங்கிவிட்டால் தாமதமாக வருபவர்களுக்கும் கதவு திறக்காது. மேப் இருபது நிமிடம் என்று காட்டினாலும், மால்ட்டா டிராஃபிக்கில் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசி நேர டிக்கெட் என்று கொஞ்சம் ஒதுக்கி, வல்லெட்டாவின் செயின்ட் எல்மோ கோட்டையிலும் பக்கத்துத் தீவான கோஸோவின் அருங்காட்சியகத்திலும் முந்தின நாளே கூடுதல் விலைக்கு விற்பார்கள். முதலில் வருபவருக்கு முதலில். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எதுவுமே கிடைக்கவில்லையா? சரி, வல்லெட்டா தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஹைப்போஜியத்தில் கிடைத்த "தூங்கும் பெண்" சுடுமண் சிலை அங்கேதான் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவு, 12 சென்டிமீட்டர்தான். ஒருக்களித்து, கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பாள். கட்டில் பாரம் தாங்காமல் நடுவில் தொய்ந்திருப்பது வரை செய்திருப்பது போலத் தோன்றும். அப்புறம் பாவ்லாவுக்குப் பக்கத்திலேயே தர்ஷீன் கோயில்கள். நடந்தே போய்விடலாம்.

கோஸோவை அரை நாளில் முடிப்பது

ஒரே படகில் கொமினோ, கோஸோ இரண்டு தீவுகளையும் ஒரே நாளில் காட்டுகிறோம் என்பார்கள். கொமினோவில் குளித்துக் கிளம்பவே மத்தியானம் ஆகிவிடும். மிச்ச நேரத்தில் கோஸோவை வேன் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

அங்கே ஜகந்தீயா கோயில்கள் இருக்கின்றன, கி.மு. 3600 வாக்கில் தொடங்கியவை, கீஸா பிரமிடுகளைவிட ஆயிரம் ஆண்டு மூத்தவை. தீவின் முக்கிய நகரமான விக்டோரியாவில் சிட்டடெல்லா கோட்டை இருக்கிறது. 1551-இல் உதுமானியப் படை அந்தக் கோட்டையைப் பிடித்து, தீவின் மக்களில் ஏறக்குறைய எல்லோரையும், சுமார் 5000 பேரை, அடிமைகளாகக் கப்பலேற்றிக்கொண்டு போனது. மதில் மேல் நின்றால் தீவு முழுக்கத் தெரியும். இதையெல்லாம் ஓடிக்கொண்டே பார்க்க முடியாது, இரண்டு ராத்திரி தங்குங்கள். மால்ட்டா பக்கத்துச் சிர்கெவ்வா துறையிலிருந்து பெரிய ஃபெர்ரியில் 25 நிமிடம். வல்லெட்டாவிலிருந்து நேராக வேகப் படகும் உண்டு. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி மட்டும் போகாதீர்கள். மாதா திருநாள், மால்ட்டாவே கோஸோவில்தான் இருக்கும்.

அப்புறம், அஸ்யூர் விண்டோ என்ற அந்தக் கடல் பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்துவிட்டது. அதன் படத்தைப் போட்டு டூர் விற்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டு இம்ஜார்

ஃபெர்ரி வரும் இம்ஜார் கோஸோவில். மால்ட்டாவில் இருக்கும் இம்ஜார் உள்நாட்டு ஊர், கப்பல் வராது. டாக்ஸி ஏறும் முன் எந்தத் தீவு என்று பாருங்கள்.

வல்லெட்டாவின் செயின்ட் ஜான் பேராலயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிளம்புவது

ஞாயிறு அது வழிபாட்டுக்கு மட்டும். மற்ற நாளில் போங்கள், கூர் ஹீல்ஸ் போடாமல். தரை முழுக்க, ஒரு காலத்தில் மால்ட்டாவை ஆண்ட செயின்ட் ஜான் சபையின் நூற்றுக்கணக்கான வீரர்களின் பளிங்குக் கல்லறைக் கற்கள். இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோ 1608-இல் வரைந்த யோவானின் தலை வெட்டும் காட்சி அங்கேதான் தொங்குகிறது. அவர் கையெழுத்துப் போட்ட ஒரே ஓவியம் அது, கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே போட்டிருக்கிறார். படத்தின் கீழ்ப்பக்கம் தேடுங்கள்.

அக்கரைக்குப் போகாமல் திரும்புவது

1565-இல் உதுமானியப் படையின் பெரிய முற்றுகை நடந்தபோது வல்லெட்டா என்ற நகரமே இல்லை. அடுத்த ஆண்டுதான் அடிக்கல் நாட்டினார்கள். அந்தச் சபை வீரர்கள் குடியிருந்தது துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், பிர்குவில். படகில் சில நிமிடம். அந்தச் சந்துகளில் சாயங்காலம் நடந்தால் கூட்டமும் இருக்காது.

கொமினோவின் ப்ளூ லகூன், ஜூலை, பகல் 12 மணி

வேண்டாம்.

ஜனவரியில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்பது

வீட்டுக்குள் போட்டுக்கொள்ள. இங்கே பழைய வீடுகள் சுண்ணாம்புக்கல் வீடுகள். வெளியே இதமாக வெயில் அடிக்கும், உள்ளே சுவர் ஈரம் கோத்துச் சில்லென்று இருக்கும். அறை போடும் முன் ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஏசி இருக்கிறது என்று பதில் வந்தால், அது சூடான காற்றும் விடுமா என்று இன்னொரு தடவை கேளுங்கள்.