ஆற்றங்கரை கசிகிறதா? பழைய மண் கரையைப் பலப்படுத்தும் முறை

காவிரி டெல்டாவில் வெண்ணாற்றுக் கிளைகளின் கரைகள் பெரும்பாலும் பழைய மண் கரைகள்தான். மேலே களிமண்ணாகத் தெரியும்; வெட்டிப் பார்த்தால் நடுநடுவே ஆற்று மணல் இருக்கும். எங்கள் வயலை ஒட்டிய கரையில் கசிவு அடங்கியதிலிருந்து பலரும் கேட்கிறார்கள், அதனால் எழுதிவைக்கிறேன்.

ஒன்று முதலிலேயே: கரை அரசுடையது. நீர்வளத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் மண்வெட்டியை இறக்காதீர்கள். கொள்ளிடம் போன்ற பெரிய ஆற்றின் கரை நம் கைவேலையே அல்ல. அங்கே கசிவைப் பார்த்தால் தகவல் சொல்வதோடு சரி.

1. தண்ணீர் ஓடும்போது குறி வையுங்கள்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுகிறது. வேலைக்கு மாசி முதல் வைகாசி வரைதான் காலம். ஆனால் கோடையில் போய்ப் பார்த்தால் கசிவு எங்கே என்றே தெரியாது. ஆறு நிறைந்து ஓடும்போது வயல் பக்கமாக நடந்து, ஈரம் தெரியும் இடங்களில் குச்சி நட்டுவிடுங்கள்.

கசிவு நீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். தெளிவாக இருந்தால் கோடை வரை கண்காணிக்கலாம். அடியில் மண் படிந்தால், கரைக்குள்ளிருந்து மண் அரித்து வருகிறது என்று அர்த்தம். அன்றைக்கே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

2. வளைகள்

எலி வளை, நண்டு வளையின் வாயை மட்டும் அடைப்பது வீண். வளை போகிற வழியே தோண்டி, அடுக்கடுக்காக மண் போட்டுக் கெட்டித்து வாருங்கள்.

3. களிமண் எந்தப் பக்கம்?

பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். வயல் பக்கம் கசிகிறது, அதனால் வயல் பக்கம் களிமண் அப்புகிறார்கள். ஒரு வாரம் காய்ந்தாற்போல் இருக்கும். உள்ளே வந்த தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் கரைக்குள் நீர்மட்டம் ஏறும்; அப்புறம் சரிவு மொத்தமாக வழுக்கி இறங்கும்.

களிமண் ஆற்றுப் பக்கம். வயல் பக்கம் வடிகால். தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்க வேண்டும். வந்துவிட்ட தண்ணீரை மண் இல்லாமல் வெளியே விட வேண்டும்.

ஆற்றுப் பக்கச் சரிவில் புல்லைச் செதுக்கிவிட்டு, படிக்கட்டாக வெட்டிக்கொள்ளுங்கள். வழவழப்பான சரிவில் போட்ட புது மண் பழைய மண்ணோடு ஒட்டாது. அரையடி கனத்துக்கு ஒரு அடுக்கு, அதைக் கெட்டித்த பிறகே அடுத்தது. ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு பிடி மண்ணைக் கொழுக்கட்டை மாதிரிப் பிடியுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். கையில் அப்பினால் ஈரம் அதிகம். பொடிந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

கெட்டிக்க என் ஓட்டு, கையால் தூக்கிக் குத்தும் திமிசுக்குத்தான். வாடகை மெஷின் என்றால் குதித்துக் குத்தும் வகையைக் கேளுங்கள். அதிரும் தட்டு மெஷின் மணலுக்கு நல்லது, களிமண்ணுக்கு உதவாது. ஜேசிபி மேலே ஓடினாலே இறுகிவிடும் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

4. வயல் பக்க வடிகால்

கரை அடியில் ஆழம் குறைந்த வாய்க்கால், ஒரே மூச்சில் வெட்டாமல் துண்டு துண்டாக. அதை நிரப்பும்போது கரை மண்ணைத் தொடும் இடத்தில் பருமணல், அதற்கு வெளியே சிப்ஸ் (பொடி ஜல்லி), அதற்கும் வெளியே ஒன்றரை இஞ்ச் ஜல்லி. இந்த வரிசை மாறினால் மண் ஜல்லிக்குள் புகுந்துவிடும். கடைசியில் தண்ணீர் பக்கத்து வடிகாலில் போய்ச் சேர வேண்டும்.

5. உச்சி

வெள்ளம் கரை மீறுவது உச்சி பள்ளமான இடத்தில்தான் தொடங்கும். மாடும் டிராக்டரும் இறங்கும் தடத்தை முதலில் உயர்த்துங்கள். புது மண் அமுங்கும், சற்றுக் கூடுதலாகவே போடுங்கள்.

பின்சேர்க்கை: வெள்ளத்தின்போது வயலில் ஊற்று கொப்பளித்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். அதன் வாயை அடைக்காதீர்கள். பக்கத்தில் வேறொரு இடத்தில் கிளம்பும். சுற்றிலும் மண் மூட்டைகளால் வளையம் கட்டி, உள்ளே தண்ணீர் உயர விடுங்கள். வருகிற தண்ணீர் தெளிந்ததும் வளையத்தை உயர்த்துவதை நிறுத்திவிட்டு, ஒரு பக்கம் வழிய விடுங்கள். மூட்டையைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்பினால் போதும், அப்போதுதான் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும். உரச் சாக்கு வெயிலில் இற்றுப்போகும், நிழலில் வையுங்கள்.

இன்னொருவர் கரையில் நின்ற மரத்தை வெட்டிவிட்டாராம். அடிக்கட்டையும் வேரும் உள்ளேயே மக்கினால் அதுவே தண்ணீருக்கு வழி. கோடையில் வேரோடு எடுத்து, குழியை மூன்றாம் படியில் சொன்னபடி நிரப்புங்கள்.