காருக்குக் குறைந்த விலையில் வழிகாட்டிக் கருவி வாங்குவது எப்படி?

கைப்பேசியே வழி சொல்லும்போது தனிக் கருவி எதற்கு என்று கேட்பவர்கள், 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதை போன்ற மலைச் சாலைகளில் இணையத் தொடர்பு அறுந்துபோகும்போது அதன் அருமையை உணர்வார்கள். செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பெற இணையம் தேவையில்லை. வரைபடம் கருவிக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருந்தால் போதும். ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, இந்திய வரைபடம் கருவியிலேயே இருக்கிறதா, அதைப் புதுப்பிக்கத் தனிக் கட்டணம் உண்டா என்பதைத்தான். மலிவாக வாங்கிவிட்டு ஆண்டுதோறும் வரைபடத்துக்குப் பணம் கட்ட நேர்ந்தால், அதைக் குறைந்த விலைக் கருவி என்று நான் சொல்லமாட்டேன்.

பழைய கருவியை வாங்குவதானால் கூடுதல் கவனம் தேவை. செயற்கைக்கோள் வழியே இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் அமைப்பு, தேதியைக் கணக்கிட அனுப்பும் வார எண் 1,024 வாரங்களுக்கு ஒருமுறை பூஜ்ஜியத்துக்குத் திரும்புவதால், மென்பொருள் புதுப்பிக்கப்படாத சில பழைய கருவிகள் 2019 ஏப்ரல் 6-க்குப் பிறகு தேதியைத் தவறாகக் காட்டத் தொடங்கின. எனவே பணம் கொடுக்கும் முன் கருவியைத் திறந்தவெளியில் இயக்கி, தேதி, நேரம், இருப்பிடம் மூன்றும் சரியாக வருகின்றனவா என்று பொறுமையாகப் பாருங்கள். முதன்முறை சில நிமிடங்கள் பிடிக்கலாம்.

ஜிபிஎஸ்ஸுடன் ரஷ்யாவின் குளோனாஸ் என்ற செயற்கைக்கோள் அமைப்பையும் ஏற்கும் கருவி, உயரமான கட்டடங்கள் நெருங்கிய தெருக்களில் உதவும். திரை 5 அங்குலம் இருந்தால் போதும். ஆனால் உச்சி வெயிலில் எழுத்து தெரிய வேண்டும். முன்கண்ணாடியில் உலோகப் பூச்சு இருந்தால் சமிக்ஞை குன்றும் என்பதால், உங்கள் காருக்குள்ளேயே வைத்துச் சோதித்த பிறகு வாங்குங்கள்.