சித்திர வரலாற்றுக்கு ஆசிரியர் தேடுவோருக்கு

உயர்தரப் பரீட்சைச் (A/L) சித்திரப் பாடத்தின் வரலாற்றுப் பகுதிக்கு ஆசிரியர் தேடும்போது, கட்டணம் பேசுவதற்கு முன் சீகிரியா ஓவியம் ஒன்றைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். 5ஆம் நூற்றாண்டு, காசியப்ப மன்னன் என்பதோடு நிறுத்துபவர் வேண்டாம். ஓவியத்துப் பெண்களை இடைக்குக் கீழே மேகம் மறைப்பதையும், கோடு தடித்தும் மெலிந்தும் உடலின் திரட்சியைக் காட்டுவதையும் விரல் வைத்துச் சொல்பவரே வேண்டும். படத்தைப் பார்க்கப் பழகிய பிள்ளை, குறிப்பில் இல்லாத கேள்வி வந்தாலும் எழுதிவிடும்.

மட்டக்களப்பில் இருப்பவர்கள், கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை பயிலும் இறுதியாண்டு மாணவர்களிடம் முதலில் விசாரியுங்கள். வரலாற்றுக்கு மட்டும் சில வகுப்புகள் போதுமென்றால் முழு ஆண்டுக் கட்டணம் மிச்சம்.

செய்முறைக்கு இந்தச் சோதனை உதவாது. அதற்கு அவர் வரைவதைத்தான் பார்க்க வேண்டும்.