மிராசு வீட்டுக் கொல்லையை உங்க பொறுப்புல விட்டுட்டாங்களா? இதப் படிங்க

கும்பகோணம் பக்கம் எங்க புகுந்த வீட்டுக் கொல்லையை மாமியாருக்கு அப்புறம் நான்தான் பாத்துக்கறேன். மகிழம், செண்பகம், பவளமல்லி, மல்லிப் பந்தல், தென்னை, பின்னாடி கல் கட்டுன கிணறு. இந்த மாதிரி தோட்டம் கைக்கு வந்தா என்ன பண்ணணும்னு கேக்கற பொண்ணுங்களுக்காக எழுதறேன்.

முதல் வருஷம் எந்த மரத்தையும் வெட்டாதீங்க. வீட்டுல ரொம்ப நாளா வேலை பாத்த பெரியவரையோ பூ பறிக்க வர்ற அக்காவையோ கூட்டிட்டு சுத்தி வாங்க, எந்த மரம் யாரு வச்சது, எது எப்ப பூக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும், எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிக்கோங்க.

அடுத்தது வடிகால், என்னைக் கேட்டா மொத்த தோட்டமும் இதுலதான் இருக்கு. ஐப்பசி அடைமழையில குடைய புடிச்சிட்டு கொல்லைக்குப் போங்க, தண்ணி எங்க தேங்குது எந்தப் பக்கம் ஓடப் பாக்குதுன்னு நின்னு கவனிங்க. நம்ம களிமண்ணுல தண்ணி நின்னா மல்லி வேர் அழுகிடும். பழைய வீடுகள்ல குளத்துக்கோ வாய்க்காலுக்கோ போற வடிகால் ஒண்ணு இருந்திருக்கும், மண்ணு மூடிக் கிடக்கும், புதுசா பைப் போடறதுக்கு முன்னாடி அதைத் தேடித் தோண்டுங்க.

கிணறு தூர் வாரறதை சித்திரை வைகாசிக்குள்ள முடிச்சிடணும். வழக்கமா ஜூன் 12ல மேட்டூர் திறப்பாங்க, வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா கிணறும் ஊறிடும், அப்புறம் இறங்க முடியாது. மூடியே கிடந்த கிணத்துல சட்டுனு ஆளை இறக்காதீங்க, விஷவாயு இருக்கலாம், விவரம் தெரிஞ்ச ஆளுங்கள வச்சுத்தான் பண்ணணும்.

மல்லிக்கு கார்த்திகை கடைசியில கவாத்து. தரையிலேர்ந்து ஒன்றரை அடி விட்டுட்டு மேல எல்லாத்தையும் வெட்டி, காஞ்ச குச்சி நோய் வந்த குச்சியெல்லாம் எடுத்துட்டு, மக்குன சாண எருவும் வேப்பம்புண்ணாக்கும் போட்டு மண்ணு அணைங்க. வெட்டுனதும் மொட்டையா நிக்கும், பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும், பங்குனியில பாருங்க, கூடை கூடையா வரும்.

மதில்ல அரசங்கன்னு முளைச்சா விரல் அளவுல இருக்கும்போதே வேரோட எடுத்துடுங்க, பெருசானா சுவத்தையே பொளந்துடும். பழைய சுண்ணாம்புச் சுவத்துக்கு சுண்ணாம்புக் கலவைதான், சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளயே தங்கி செங்கல் உதிர ஆரம்பிச்சிடும்.

தென்னைக் குருத்து விசிறி மாதிரி வெட்டுப்பட்டு விரிஞ்சா காண்டாமிருக வண்டுதான். மரத்தை மட்டும் பாக்காதீங்க, எருக்குழியையும் கிளறுங்க, புழு அங்கதான் வளருது. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம், மேல உள்ள மூணு மட்டை இடுக்குல போடணும். 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்ப பட்டுக்கோட்டை பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பெல்லாம் சாஞ்சதைப் பாத்தோமே, அதனால கிழட்டு மரம் நிக்கும்போதே பக்கத்துல நெட்டை ரகத் தென்னங்கன்னு வச்சிடுங்க, காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும்.

காசு விஷயம். சோழர் காலத்துல கோயில் நந்தவனத்துக்குன்னே நிலம் எழுதி வச்சு கல்வெட்டுல பொறிச்சாங்க, அந்த விளைச்சல்லதான் தோட்டம் பாக்கறவங்களுக்குப் படி போச்சு. நீங்களும் தேங்காய் வித்த காசை வீட்டுச் செலவுல கலக்காம தனி பேங்க் கணக்குல போடுங்க, கூலி, எரு, கிணத்து வேலை எல்லாம் அதுலேர்ந்தே போகட்டும்.