பனியாறு எந்தப் பக்கம் நகர்ந்தது? ஐம்பது கற்களை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

கொருக்குப்பேட்டையில் இருந்துகொண்டு பனியாற்றைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. இமயமலையில் கங்கோத்ரியிலிருந்து, பனியாறு முடியும் இடமான கோமுக் போகும் வழியில் போஜ்பாசாவைத் தாண்டினால், இரண்டு பக்கமும் மண்ணும் கல்லும் கலந்த கரைகள் மலை மாதிரி நிற்கும். பனி எப்போதோ பின்வாங்கிவிட்டது, அது சுமந்து வந்தது மட்டும் அங்கேயே கிடக்கிறது. அந்தக் கரையைப் பார்த்ததிலிருந்து, இந்தக் கற்களை வைத்துப் பனி போன திசையைச் சொல்ல முடியுமா என்ற கேள்வி என்னை விடவில்லை. முடியும். இமயமலைக்குப் போகும் முன்பே மொட்டை மாடியில் இதைப் பழகிக்கொள்ளலாம். நான் பழகிய முறையை இங்கே எழுதுகிறேன். பனியாறு விட்டுச்செல்லும் இந்தக் கரைகள், அதாவது மொரைன், எப்படி உருவாகின்றன என்பதெல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

அடிப்படை இதுதான். பனியாற்றின் அடியில் சிக்கிய மண்ணும் கல்லும் பனியின் எடையில் நசுங்கி இழுபடுகின்றன. அப்படி இழுபடும்போது நீளமான கற்கள் மெல்லத் திரும்பி, பனி நகரும் திசைக்கு இணையாகப் படுக்கின்றன. பனி உருகினாலும் அந்தக் கிடப்பு மாறுவதில்லை. பனியாறு இட்டுச்சென்ற இந்தக் கலவைப் படிவுக்கு டில் என்று பெயர். அதிலுள்ள கற்களின் கிடப்பை அளந்து திசை காணும் முறையை 1941-ல் சான்சி ஹோம்ஸ் நியூயார்க் மாநிலப் படிவுகளை வைத்து விரிவாக எழுதினார். இன்றைக்கும் முறை அதேதான், கணக்குப் போடும் விதம்தான் மாறியிருக்கிறது.

படி 1: பொருட்கள்

அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்று. கொத்தனார் பயன்படுத்தும் இரும்புப் பாண்டு வேண்டாம், காம்பஸ் முள்ளை இழுத்துவிடும். களிமண்ணுக்குக் கொசப்பேட்டையில் பிள்ளையார் சிலை செய்பவர்களிடம் கேளுங்கள், மணல் கலக்காத நல்ல மண் கிடைக்கும். எண்ணூர் கழிமுகத்துச் சேற்றை எடுக்காதீர்கள். அதில் அனல் மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கிறது, வெறும் கையால் தொடும் மண் அல்ல அது.

கல்லுக்கு ஒன்றரை ஜல்லி. கட்டடம் கட்டும் இடத்தில் கேட்டால் ஒரு பை தருவார்கள். முக்கால் ஜல்லி மிகச் சிறியது. அப்புறம் திசை பார்க்க ஒரு காம்பஸ் (போனில் இருப்பதும் சரி), ஒரு ஸ்டீல் ஸ்கேல், பாகைமானி, அலுமினியப் பின்னல் ஊசி ஒன்று. ஊசி பாரிமுனையில் தையல் சாமான் கடைகளில் கிடைக்கும். இரும்பு ஊசி வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். கற்களின் அச்சைக் கண்ணால் மதிப்பிடுவதைவிட ஊசி எவ்வளவோ மேல். இதில் மட்டும் சமரசம் செய்துகொள்ளாதீர்கள்.

படி 2: கல் பொறுக்குதல்

எல்லாக் கல்லும் உதவாது. ஒவ்வொன்றுக்கும் மிக நீளமான அச்சு, அதற்குச் செங்குத்தான நடு அச்சு என்று இரண்டை அளந்து, நீளம் நடு அச்சைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கும் கற்களை மட்டும் வையுங்கள். உருண்டைக் கல்லுக்குத் திசை கிடையாது. மொத்தம் ஐம்பது கற்கள் வேண்டும்.

படி 3: புதைத்தலும் அளத்தலும்

இதை இரண்டு பேராகச் செய்யுங்கள். ஒருவர் மனதில் ஒரு திசையை வைத்துக்கொண்டு கற்களை ஏறக்குறைய அந்தத் திசையில் களிமண்ணுக்குள் புதைக்க வேண்டும். பனி வந்த பக்கத்து முனை சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும், ஏழெட்டுக் கற்களை வேண்டுமென்றே கோணலாகவும் வைக்கலாம். மற்றவர் திசை தெரியாமல் தோண்டி அளக்க வேண்டும். எங்கள் வீட்டில் புதைத்தது அக்கா மகள். “மாமா, நான் வெக்கிறப்ப திரும்பிப் பாக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு மறுநாள் வரை வாயே திறக்கவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். திசை முன்கூட்டியே தெரிந்தால் கை தானாக அந்தப் பக்கம் சாயும். களத்திலும் இதே ஆபத்து உண்டு. பள்ளத்தாக்கு போகும் திசை கண்ணெதிரே தெரியும்போது, அதற்கு ஒத்துப்போகும் கற்களை மட்டும் மனம் தேர்ந்தெடுக்கும்.

தோண்டும்போது கல்லைச் சுற்றியுள்ள மண்ணைப் பாதி நீக்கி, அதன் நீள அச்சு தெரிந்ததும் கல்லை மெதுவாக எடுங்கள். அது விட்டுச்சென்ற குழியில் ஊசியை அதே அச்சில் செருகுங்கள். இப்போது இரண்டு அளவு. முதலாவது, ஊசியின் தாழ்ந்த முனை பார்க்கும் திசை, வடக்கிலிருந்து 0 முதல் 360 வரை. இரண்டாவது, கிடைமட்டத்திலிருந்து அது எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பது. பாகைமானியில் நூலும் ஒரு நட்டும் கட்டித் தொங்கவிட்டால் சாய்வு கிடைத்துவிடும்.

தாழ்ந்த முனையின் திசையைத்தான் எழுத வேண்டும். எது கைக்கு வசதியோ அந்த முனையை எழுதினால் பிறகு மீட்கவே முடியாத ஒரு தகவல் போய்விடும். ஏன் என்று ஐந்தாம் படியில் தெரியும்.

படி 4: சராசரி

நான் அதிக நேரம் நின்ற இடம் இது. பலரும் இங்கேதான் நிற்கிறார்கள், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

ஐந்து கற்களின் அளவு 40, 55, 220, 230, 48 என்று வைத்துக்கொள்வோம். கூட்டி ஐந்தால் வகுத்தால் 118.6 வரும். ஆனால் ஐந்து கல்லில் ஒன்றுகூட அந்தப் பக்கம் இல்லை! 220 டிகிரி பார்க்கும் கல்லும் 40 டிகிரி பார்க்கும் கல்லும் ஒரே கோட்டில்தான் படுத்திருக்கின்றன, முனை மட்டும்தான் மாறியிருக்கிறது. இன்னும் எளிதாகப் பார்க்க வேண்டுமானால் 10-ஐயும் 190-ஐயும் எடுங்கள். இரண்டும் ஒரே கோடு. சாதாரணச் சராசரி 100, அதாவது அந்தக் கோட்டுக்கு நேர் குறுக்கே.

இதற்கு வழி, கோணத்தை இரட்டிப்பது. 10 இருபதாகும். 190 முந்நூற்று எண்பதாகும், அதில் ஒரு முழுச் சுற்றைக் கழித்தால் அதுவும் இருபதுதான். இரண்டும் ஒன்றாகிவிட்டன. கடைசியில் பாதியாக்கினால் 10 திரும்பக் கிடைக்கும்.

மேலே சொன்ன ஐந்து கற்களுக்கும் அப்படியே செய்வோம். இரட்டித்தால் 80, 110, 80, 100, 96. ஒவ்வொன்றின் சைனையும் எடுத்துக் கூட்டினால் 4.889. கோசைன்களைக் கூட்டினால் மைனஸ் 0.273. இந்த இரண்டிலிருந்தும் கோணத்தைத் திரும்ப எடுத்தால் 93.2. பாதி 46.6. ஆக, கற்கள் 47–227 கோட்டில் கிடக்கின்றன.

லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற விரிதாளில் செய்வதானால் முதலில் டிகிரியை ரேடியனாக மாற்ற மறக்காதீர்கள். கூட்டுத்தொகைகளிலிருந்து கோணம் எடுக்க, இரண்டு மதிப்பு கேட்கும் ஆர்க்டேன்ஜென்ட் சார்பை (ATAN2)ப் பயன்படுத்த வேண்டும். அதில் கால்க், எக்செல், கூகுள் ஷீட்ஸ் மூன்றுமே கோசைன் கூட்டுத்தொகையை முதலில் கேட்கும், சைனை இரண்டாவதாகக் கேட்கும். பைதான் நிரல்மொழி இதற்கு நேர் எதிர், அங்கே சைன்தான் முதலில். ஒன்றிலிருந்து பார்த்து இன்னொன்றில் எழுதினால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, விடை மட்டும் தவறாக இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் கால்க்கையே சொல்வேன். ஒவ்வொரு கல்லும் ஒரு வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும், எங்கே பிசகியது என்று தேட வசதி.

இன்னொரு எண்ணும் தேவை. இரண்டு கூட்டுத்தொகைகளையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, கற்களின் எண்ணிக்கையால் வகுங்கள். நம் எடுத்துக்காட்டில் 0.98 வரும். 1-க்கு அருகில் இருந்தால் கற்கள் ஒரே வரிசை. 0-க்கு அருகில் இருந்தால் சிதறல். ஐம்பது கற்களுக்கு இது ஏறக்குறைய 0.25-க்குக் கீழே போனால், அந்த இடத்தில் திசை இருக்கிறது என்றே சொல்லாதீர்கள். களிமண் டப்பில் பெரிய எண் வரும், உண்மையான படிவில் அப்படி வராது. அதைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம்.

சாய்வையும் சேர்த்து முப்பரிமாணத்தில் பார்க்க ரிச்சர்ட் ஆல்மெண்டிங்கர் எழுதிய ஸ்டீரியோநெட் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கற்கள் எவ்வளவு ஒரே கோட்டில் கிடக்கின்றன என்று காட்ட அது ஐகன் மதிப்புகள் என்ற எண்களைத் தரும், அவற்றில் மிகப் பெரியதைப் பாருங்கள். முழுச் சிதறல் என்றால் 0.33, எல்லாக் கற்களும் ஒரே கோடு என்றால் 1.

படி 5: கோட்டிலிருந்து திசைக்கு

இதுவரை கிடைத்தது ஒரு கோடு மட்டும். பனி 47 பக்கம் போனதா, 227 பக்கம் போனதா என்று சராசரி சொல்லாது. கோணத்தை இரட்டித்தபோதே அந்தத் தகவலைக் கைவிட்டுவிட்டோம். இப்போது பழைய நோட்டுக்குத் திரும்புங்கள். பனியின் அடியில் அழுந்திய கற்கள் பெரும்பாலும் பனி வந்த பக்கம் தாழ்ந்திருக்கும். ஐம்பதில் பெரும்பான்மை வடகிழக்கில் தாழ்ந்திருந்தால், பனி அங்கிருந்து வந்து தென்மேற்கே போயிருக்கிறது.

ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். பனி நெருக்கப்படும் இடங்களில் கற்கள் ஓட்டத்துக்குக் குறுக்காகவும் படுக்கும். மலைச்சரிவில் சேறும் கல்லுமாக வழிந்து இறங்கும் படிவும் ஏறக்குறைய இதே கிடப்பைத் தரும். வேறு வகைச் சான்று ஒன்றாவது ஒத்துப்போகாமல் திசையை எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடிப்பாறையில் கீறல்கள் இருந்தால் அவற்றின் கோட்டை அளந்து ஒப்பிடுங்கள். கீறலும் கோடுதான் தரும். பனி மேலே ஏறிப்போன பாறைக் குன்றில், வந்த பக்கம் வழவழப்பான சரிவாகவும் போன பக்கம் கற்கள் பெயர்க்கப்பட்ட செங்குத்தாகவும் இருக்கும். டிரம்லின், அதாவது பனியின் அடியில் உருவான நீளமான மண்மேடு, இதற்கு மாறானது. பனி வந்த பக்கம் மழுங்கியிருக்கும், போன பக்கம் வால் போல நீளும். இவை இரண்டையும் குழப்பிக்கொண்டால் திசை தலைகீழாகும்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று வெளியூர்க் கற்கள். ஸ்காட்லாந்துக் கடலில் உள்ள எய்ல்சா கிரெய்க் என்ற சிறு தீவில் ஒரு தனிவகை நுண்கிரானைட் இருக்கிறது, பனித்தரையில் கர்லிங் ஆடும் கற்கள் அதிலும் செய்யப்படுகின்றன. அதே கல் ஐரிஷ் கடலோரமாகத் தெற்கே வேல்ஸ் வரை படிவுகளில் கிடைக்கிறது. புறப்பட்ட இடம் ஒரே ஒரு தீவு, சேர்ந்த இடம் தெற்கே. பனி எந்தப் பக்கம் போனது என்பதில் அதற்குமேல் சந்தேகம் இல்லை.

கல்லின் வடிவம்: ஓர் இடைச்செருகல்

பெரிய கற்கள் கலந்து கிடப்பதெல்லாம் பனியாற்றுப் படிவு அல்ல. நம் கொசஸ்தலையாற்றுப் பக்கம் பூண்டி, அத்திரம்பாக்கம் வட்டாரத்தில் குவார்ட்சைட் கூழாங்கற்கள் நிறைய உண்டு. பழைய கற்கால மனிதர் அவற்றில்தான் கருவி செய்தார்கள். அவற்றை உருட்டியது தண்ணீர். ஆற்றில் பெரிய கூழாங்கற்கள் பெரும்பாலும் நீள அச்சை ஓட்டத்துக்குக் குறுக்கே வைத்துப் படுக்கும், அதனால் கிடப்பு முறையை அங்கே அப்படியே பயன்படுத்த முடியாது.

வேறுபடுத்த ஓர் எளிய பயிற்சி. ஐம்பது கற்களில் கூர்மையான விளிம்புள்ளவை எத்தனை சதவீதம் என்று எண்ணுங்கள். மிகக் குட்டையான அச்சு நீள அச்சில் 0.4 பங்குக்கு மேல் போகாத கற்கள் எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். இந்த இரண்டையும் ஒரே வரைபடத்தில் குறிப்பதை 1994-ல் பென், பாலண்டைன் இருவரும் முன்வைத்தார்கள். மலைமுகட்டிலிருந்து விழுந்து பனியின் மேலேயே பயணித்த கல் இரண்டிலும் அதிகம் காட்டும், அடியில் அரைபட்ட கல் குறைவாகக் காட்டும். ஜல்லியையும் கூழாங்கல்லையும் அளந்து குறித்துப் பாருங்கள், இரண்டும் வெவ்வேறு மூலையில் போய் நிற்கும்.

பின்சேர்க்கை 1

மாடியில் போன் காம்பஸ் நிலையாக நிற்கவில்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். தளத்துக்குள் இருக்கும் கம்பிதான் காரணம். சோதிக்க, கைப்பிடிச்சுவரின் விளிம்பில் போனை ஒட்டி வைத்து நகர்த்துங்கள். நேரான சுவரில் எண் மாறிக்கொண்டே வந்தால் அந்த இடத்தில் காம்பஸ் உதவாது. கூகுள் எர்த்தில் உங்கள் மாடியைத் தேடி, அளவுகோல் கருவியால் சுவரின் திசையை எடுத்துவிடுங்கள். பிறகு ஊசிக்கும் சுவருக்கும் உள்ள கோணத்தைப் பாகைமானியால் அளந்து கூட்டினால் போதும்.

பின்சேர்க்கை 2

கூழாங்கல்லில் செய்ததாகவும், படி 4-ல் கற்கள் ஒரே வரிசையா என்று காட்டும் எண் 0.2-தான் வந்ததாகவும் ஒரு ஆசிரியர் எழுதினார். படி 2-ன் அளவை எடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன், இல்லை என்றார். உருண்டைக் கற்களை நீக்கிவிட்டு மறுபடி செய்தபோது கோடு தெளிவாக வந்துவிட்டது.

பின்சேர்க்கை 3

கோமுக் போய் நேரில் அளக்க விரும்புபவர்களுக்கு: அது தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு 150 பேர்தான். கரையைத் தோண்டவும் கல் எடுத்துவரவும் கூடாது. கரைச்சரிவு ஓயாமல் உதிர்ந்துகொண்டிருக்கும், அடியில் போய் நிற்காதீர்கள். தூரத்திலிருந்தே கரையின் முகடு போகும் திசையைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து கூகுள் எர்த்தில் சரிபார்க்கலாம். கங்கோத்ரி பனியாறு இன்றும் வடமேற்காக நகர்கிறது, அதனால் உங்கள் விடை சரியா என்று உடனே தெரிந்துவிடும்.